இரண்டாவது பொட்டலம்

உக்காருங்க தம்பி. இந்த நாற்காலி சும்மாதான் கிடக்கு. பையை நான் எடுத்துக்கிடுறேன். கீழே வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். உங்களைச் சொல்லலை, பொதுவாச் சொன்னேன்.

நீங்க போன்ல தமிழ் பேசினது காதுல விழுந்துச்சு. அதான் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். இந்தச் சக்கர வண்டியைப் பாத்துட்டு எனக்கு நடக்க முடியாதுன்னு நெனச்சுராதீங்க. கால் ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு. இங்கிலீஷ் தெரியாததுக்குத்தான் இந்த வண்டி. டிக்கெட் போடும்போதே என் மகன் சொல்லி வச்சுட்டான், அப்பாவை உருட்டிக்கிட்டுப் போய் அடுத்த பிளேன்ல ஏத்துங்கன்னு. உருட்டிக்கிட்டு வந்தவன் 'வெயிட், வெயிட்'னு சொல்லி இங்கே நிறுத்திட்டுப் போனான். போனவன் போனவன்தான். பாஸ்போர்ட்டைக் கையில குடுன்னு கேட்டான். நான் குடுக்கலை. நான் பிடிச்சுக்கிட்டேன், அவன் அதைப் பாத்துக்கிட்டான். அதுக்கு மேல என்ன வேணும் அவனுக்கு?

எனக்குச் சுரண்டை. தென்காசிப் பக்கம். அண்டா, குண்டா, பந்தல் சாமான் எல்லாம் வாடகைக்கு விடுற கடை. படிப்பு அஞ்சாங் கிளாஸோட சரி. ஆனா என் தொழில் ஒரு விஷயத்தை நல்லாக் கத்துக் குடுத்துச்சு. எப்பேர்ப்பட்ட பெரிய மனுஷன் வீட்டுக் கல்யாணமா இருந்தாலும் சாமான் திரும்பி வரும்போது ஒரு கரண்டி குறையும். யாரு எடுத்தான்னு கேட்டுப் பாருங்க, அந்த வீட்ல அத்தனை பேரும் நல்லவங்களா இருப்பாங்க.

அமெரிக்காவுல மகன் வீட்டுக்குப் போயிட்டு வர்றேன். ஆறு மாசம் இருக்கலாம்னு போனேன். பாதியில திரும்பிட்டேன். ஏன்னு கேளுங்க. நீங்க கேக்கலைன்னாலும் சொல்றேன். எல்லாம் எங்க சம்பந்தியால.

சம்பந்தி பேரு கோதண்டம். விருதுநகர்க்காரர். கரண்ட் ஆபீஸ்ல இன்ஜினீயரா இருந்து ரிட்டயர் ஆனவர். ஆளு பாக்க நல்லா இருப்பார், மெதுவாப் பேசுவார், யாரையும் ஒரு சொல்லு சொல்ல மாட்டார். அங்கேதான் சூட்சுமமே இருக்கு. ஒருத்தரையும் ஒண்ணும் சொல்லாத மனுஷன் மனசுக்குள்ள எவ்வளவு சொல்லுவார், யோசிச்சுப் பாருங்க.

என் மகன் பரமசிவன் கல்யாணம் விருதுநகர்லதான் நடந்துச்சு. சமையல் பாத்திரம் முழுக்க நான் கொண்டாறேன், ஒரு பைசா வேண்டாம்னு சொன்னேன். புதுசா ஈயம் பூசி லாரியில ஏத்தத் தயாரா வச்சிருந்தேன். கோதண்டம் கையைப் பிடிச்சுக்கிட்டு, "சம்பந்தி, நீங்க மாப்பிள்ளையோட அப்பா. அன்னைக்கு ஒருநாளாவது நீங்க பாத்திரத்தைப் பத்தி நெனைக்காம முன் வரிசையில உக்காரணும்"னு சொன்னார். எப்படி இருக்கு? பாத்திரக்காரன்னு நேரடியாச் சொல்லலை. சுத்தி வளைச்சுச் சொன்னார். நானும் முன் வரிசையிலதான் உக்காந்தேன். யாரோ ஒருத்தன் அண்டாவுல வெந்த சோத்தைத்தான் சாப்பிட்டேன். இருபத்தஞ்சு வருஷமாச்சு, அது இன்னும் செரிக்கலை.

அவருக்கும் வீட்டுக்காரி இல்லை, எனக்கும் இல்லை. என் மகன் என்ன பண்ணினான்னா, ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்துல டிக்கெட் போட்டு வரவழைச்சுட்டான். பேச்சுத் துணையா இருக்குமாம். வீட்டுக்குக் கீழ நிலவறை மாதிரி ஒரு அறை, அதுல ரெண்டு கட்டில். காலையில எனக்கும் சேத்து அவரே காபி போட்டுக் கொண்டாருவார். அவர் ரெண்டு மடக்கு குடிச்ச பிறகுதான் நான் வாயில வைப்பேன். சிரிக்காதீங்க. விஷம் வைப்பார்னு சொல்லலை. ஒரு ஆளு தினமும் காபி போட்டுக் குடுக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கணுமா இல்லையா?

சரி, விஷயத்துக்கு வர்றேன். என் பேத்தி ஆதிரை. பரமசிவனுக்கு ஒரே பிள்ளை. அங்கேயே பிறந்து வளர்ந்தவ. ஆனா என்கிட்டத் தமிழ்லதான் பேசுவா, கொஞ்சம் ஒடிச்சு ஒடிச்சுப் பேசுவா. டாக்டருக்குப் படிக்க எழுதிப் போட்டிருந்தா. ரெண்டு காலேஜ்ல இருந்து இடம் வந்துருச்சு. ரெண்டுல ஒண்ணு எடுக்கணும், அதுக்கு ஒரு கெடு உண்டு.

"என்ன டாக்டர்?"னு கேட்டேன்.

"ஆஸ்டியோபதி, தாத்தா."

"எம்.பி.பி.எஸ். இல்லையா?"

என் மகன் குறுக்கே வந்தான். "அப்பா, அமெரிக்காவுல டாக்டராகிறதுக்கு ரெண்டு வழி. ரெண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியிலதான் வேலை பாப்பாங்க. ஒரே மருந்துதான் எழுதுவாங்க. இவங்க கூடுதலா எலும்பு, தசையெல்லாம் கையால தொட்டுப் பாத்துச் சரி பண்ணவும் படிப்பாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

ரெண்டும் ஒண்ணுன்னா எதுக்கு ரெண்டு? ஒண்ணு அசல், ஒண்ணு நகல்னு மனசுல பட்டுச்சு. ஊர்ல போய் நான் என்னன்னு சொல்ல? எலும்பு பிடிச்சு விடுற படிப்பையா உன் பேத்தி அமெரிக்காவுல படிக்கிறான்னு ஊர்க்காரன் கேக்க மாட்டானா? நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள கோதண்டம் சொல்றார்: "சம்பந்தி, நானும் முதல்ல பயந்தேன். எல்லாத்தையும் தேடிப் படிச்சுப் பாத்துட்டேன். முழு டாக்டர்தான். நிம்மதியா இருங்க."

படிச்சுப் பாத்துட்டாராம். எனக்கு முந்தி அவர் எதுக்குப் படிச்சார்?

ரெண்டு காலேஜும் இந்தப் படிப்புதான். ஒண்ணு மலைப்பக்கம் ஒரு சின்ன ஊர்ல இருக்கு. இன்னொண்ணு கடலோரத்துல பெரிய ஊர். பேரெல்லாம் எனக்கு வாயில நுழையலை. மலைக் காலேஜ், கடல் காலேஜ்னு வச்சுக்குவோம். சாப்பாட்டு மேசையில கோதண்டம் சொன்னார், "மலைக் காலேஜ்தான் நல்லதுன்னு எனக்குத் தோணுது. பிள்ளைக்கும் அதுதான் இஷ்டம்." உடனே நான் சொன்னேன், "கடல் காலேஜ்தான் நல்லது."

எனக்கு ரெண்டைப் பத்தியும் ஒண்ணும் தெரியாது, ஒத்துக்கிடுறேன். ஆனா எனக்குன்னு ஒரு வழி இருக்கு. பரமசிவனை இன்ஜினீயரிங் சேக்க மெட்ராஸ் போயிருந்தப்போ, வரிசையில நின்ன ஒரு ஆளு இந்தக் காலேஜை எடுங்க, அருமையான காலேஜ்னு வலிய வந்து சொன்னான். முன்னப்பின்னத் தெரியாதவன் எதுக்குச் சொல்லணும்? நான் வேற காலேஜை எடுத்தேன். என் மகன் அமெரிக்காவுல வீடு வாங்கிட்டான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

நான் கடல்னு சொன்னதும் என் மருமக ஹேமா முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். "மாமாவே சொல்லிட்டாங்க"ன்னு அப்பளத்தை எடுத்து எனக்கு ரெண்டா வச்சா. நல்ல பிள்ளைதான். கோதண்டத்தோட மகளா இருந்தாலும் நல்ல பிள்ளை. இத்தனை வருஷத்துல என் பேச்சை ஒரு தடவை தட்டினதில்லை. ஆனா அப்பளம் ரெண்டா வந்ததும் எனக்கு லேசா ஒரு உறுத்தல்.

ரெண்டு நாள்ல விஷயம் வெளிய வந்துருச்சு. ஹேமா போன்ல அவ அக்கா சுமதிகூட முகம் பாத்துப் பேசிக்கிட்டிருந்தா. நான் தண்ணி குடிக்கப் போனவன் அப்படியே நின்னுட்டேன். சுமதி அவ வீட்டு மாடி அறையைக் காட்டுறா. புதுக் கட்டில், புதுத் திரைச்சீலை, படிக்கிற மேசை. "ஆதிரை வந்தா இதுதான் அவ ரூம். காலேஜ் இங்கேருந்து கூப்பிடு தூரம்"கிறா. அப்பத்தான் புரிஞ்சுது. கடல் காலேஜ் இருக்கிறது சுமதி ஊர்ல. சுமதி யாரு? கோதண்டத்தோட மூத்த மக.

எப்படிப் போகுதுன்னு பாருங்க தம்பி. கடலுக்குப் போனா என் பேத்தி அவங்க வீட்ல தங்குவா, அவங்க சோத்தைச் சாப்பிடுவா. நாளைக்கு டாக்டராகி வெளிய வந்ததும், எங்க வீட்ல வளர்ந்த பிள்ளைன்னு சொல்லிக்குவாங்க. பரமசிவனோட அப்பன் பாத்திரக்காரன் எங்கேயோ ஒரு மூலையில நிப்பான். அப்படீன்னா கோதண்டம் ஏன் மலை, மலைன்னு சொன்னார்? அவர் மலைன்னா நான் கடல்னு சொல்வேன்னு அவருக்குத் தெரியும். என் வாயாலேயே என் பேத்தியை அவர் பக்கம் அனுப்பப் பாத்தார்.

அந்த நிமிஷமே முடிவு பண்ணிட்டேன். மலைதான். ஆனா வெளிய சொல்லலை. சொன்னா அவர் வேற திட்டம் போடுவார். அதனால மனசுக்குள்ள மலை, வாயில கடல். சாப்பிட உக்காரும்போதெல்லாம் கடல் காலேஜைப் புகழ்ந்து தள்ளினேன். காத்து நல்லா இருக்கும்னேன், மீன் கிடைக்கும்னேன். கோதண்டம் தலையைக் குனிஞ்சு சாப்பிடுவார். நான் இதெல்லாம் நம்பிட்டேன்னு நெனச்சு அவருக்கு உள்ளூரச் சிரிப்பு.

ஒருநாள் சாயங்காலம் ஆதிரை என்னை நடக்கக் கூட்டிக்கிட்டுப் போனா. ஒரு பெஞ்சுல உக்காந்தோம். என் பின்னால வந்து நின்னு தோள் மேல கையை வச்சா. அமுக்கலை, சும்மா வச்சா. "தாத்தா, உங்க வலது தோள் கீழ இருக்கு. என்ன தூக்குவீங்க?"ன்னு கேட்டா.

அண்டா தூக்கித் தூக்கி இறங்கின தோள் அது. எத்தனை டாக்டர்கிட்டப் போயிருக்கேன், ஒருத்தனும் தொட்டதில்லை. படத்தைத்தான் பாப்பான். என் வீட்டுக்காரி கடைசியா ஆஸ்பத்திரியில கிடந்தப்போகூட வந்தவன் எல்லாம் கட்டில் காலடியில நின்னு அட்டையைப் பாத்துட்டுப் போனான். அது கிடக்கட்டும். நான் கேட்டேன், "நான் அண்டா தூக்கினதை உனக்கு யாரு சொன்னா? விருதுநகர் தாத்தாவா?"

"யாரும் சொல்லலை. எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது தாத்தா. நான் ஒரு டாக்டர்கூட லீவுல வேலை பாத்தேன்ல, அந்தம்மா பேஷண்ட் மேல இப்படித்தான் கை வைப்பாங்க. முதல்ல கை, அப்புறம்தான் கேள்வி. அவங்க மலைக் காலேஜ்ல படிச்சவங்க. அந்த ஊர்ல டாக்டரே கம்மி. முதல் வருஷத்துலேருந்தே வீடு வீடாக் கூட்டிக்கிட்டுப் போவாங்களாம். எனக்கு அங்கதான் போகணும்."

"போயேன்."

"அம்மா விட மாட்டேங்கிறாங்க. தனியா எப்படி இருப்பே, பெரியம்மா வீட்லன்னா கவலை இல்லைன்னு சொல்றாங்க. நீங்க 'மலை'ன்னு ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க தாத்தா. அம்மா உங்களுக்குத்தான் பயப்படுவாங்க."

நான் பிள்ளை முகத்தையே பாத்தேன். நல்ல முகம்தான். ஆனா இவ்வளவு தூரம் கூட்டிக்கிட்டு வந்து, பெஞ்சுல உக்கார வச்சு, தோளைத் தொட்டு, அப்புறம் இந்தப் பேச்சு. என் மனசுல இருக்கிறது எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வான்னு கோதண்டம் அனுப்பியிருந்தா? நான் பிடி குடுக்கலை. "கடல்தாம்மா நல்லது"ன்னு சொல்லிட்டேன்.

அவ கையை எடுத்துக்கிட்டா. "நீங்களுமா தாத்தா"ன்னு கேட்டா.

வீட்ல தாய்க்கும் மகளுக்கும் தினமும் இழுபறி. என் மகன் ரெண்டு பக்கமும் தலையாட்டுவான். கெடு நெருங்குது. கடைசியில ஹேமாவே சொன்னா, "மாமா, உங்க குலசாமிக்குப் பூக்கட்டிப் பாப்போம். சாமி மலைன்னு சொல்லிட்டா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்." ஆதிரையும் சரின்னுட்டா. அவளுக்குச் சாமி மேல நம்பிக்கை பாதி, அம்மா குடுத்த வாக்கு மேல பாதி.

எங்க பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வெள்ளைப் பூ ஒண்ணு, சிவப்புப் பூ ஒண்ணு, தனித்தனியா இலையில மடிச்சுக் கட்டி, குலுக்கிச் சாமி முன்னாடி போடணும். ஒண்ணை எடுக்கணும். வந்த பூ எதுவோ அதுதான் சாமி வாக்கு. எங்க சாஸ்தா கோயில்ல பொண்ணு பாக்கிறதுல இருந்து கிணறு வெட்டுறது வரைக்கும் இதுதான். வெள்ளை வந்தா மலை, சிவப்பு வந்தா கடல்னு பேசிக்கிட்டோம். சாமி எங்க பக்கத்துச் சாமிங்கிறதால கட்டுற வேலை எனக்கு.

அங்கே ஏது அரளி, ஏது பிச்சி? கடையில ஒரு கொத்து வாங்கிட்டு வந்தாங்க. மணமே இல்லாத பூ. வாழையிலை ஐஸ்ல வச்சது. விறைச்சுக் கிடந்துச்சு, அடுப்புல வாட்டித்தான் மடிக்க முடிஞ்சுது. நான் சமையல்கட்டுல தனியா நின்னு வாட்டிக்கிட்டிருக்கேன், கோதண்டம் உள்ள வர்றார். "சம்பந்தி, நூல் வேணுமா?"ன்னு நூல்கண்டை வச்சுட்டுப் போறார். நான் கேட்டேனா? கேக்கலை.

அப்பத்தான் யோசிச்சேன். இந்த மனுஷன் சுத்திச் சுத்தி வர்றார். குலுக்கும்போது ஏதாவது செய்வார். சாமி சொல்ல வேண்டியதை இவர் சொல்ல வச்சுருவார். அதுக்கு இடம் குடுக்கக் கூடாது. அதனால ரெண்டுலயும் வெள்ளையே வச்சுக் கட்டினேன். சிவப்பைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன்.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. இது ஏமாத்து இல்லை. ஏமாத்துக்காரன் கையில சிக்காம சாமியைக் காப்பாத்தினேன். பேத்திக்கும் மலைதானே இஷ்டம்? சாமிக்கும் அதுவாத்தான் இருக்கும்.

சாமி படத்துக்கு முன்னாடி எல்லாரும் நின்னோம். நான் குலுக்கிப் போட்டேன். ஆதிரை கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணை எடுத்துப் பிரிச்சா. வெள்ளை. பிள்ளை 'ஓ'ன்னு கத்திக்கிட்டு வந்து என் கழுத்தைக் கட்டிக்கிட்டா. ஹேமா முகம் சுண்டிப் போச்சு. ஆனா வாக்கு வாக்குதான்னு திருநீறு எடுத்து மக நெத்தியில பூசினா. எல்லாம் முடிஞ்சுது. அதோட எல்லாரும் சாப்பிடப் போயிருக்கலாமா இல்லையா?

கோதண்டம் சொல்றார், "ஹேமா, அந்தச் சிவப்புப் பூவையும் பிரிச்சுச் சாமிக்கு வச்சிரும்மா. கீழ கிடக்க வேண்டாம்."

எங்க கோயில்ல ரெண்டாவது பொட்டலத்தைப் பிரிக்கிற வழக்கமே கிடையாது. அப்படியே எடுத்து ஆத்துல விட்டுருவாங்க. நான் "பிரிக்கக் கூடாது, பிரிக்கக் கூடாது"ங்கிறேன், ஹேமா அதுக்குள்ள நூலை இழுத்துட்டா.

அதுலயும் வெள்ளை.

ஹேமா பூவைப் பாக்கிறா, என்னைப் பாக்கிறா. "மாமா, நீங்க கடல்னுதானே சொல்லிக்கிட்டிருந்தீங்க?"ங்கிறா. அவளுக்கு ஒண்ணும் புரியலை. கடல்னு சொன்னவன் எதுக்கு ரெண்டுலயும் மலையைக் கட்டணும்? நானும் அந்த இடத்தைப் பிடிச்சுக்கிட்டேன். "நான் எதுக்குக் கட்டுறேன்? நான் இலை வாட்டும்போது சமையல்கட்டுக்குள்ள யாரு வந்தா, அதைக் கேளு"ன்னு சொன்னேன்.

எல்லாரும் கோதண்டத்தைப் பாத்தாங்க. அவர் என்னைப் பாத்தார். அப்புறம் ஆதிரையைப் பாத்தார். அவ கை இன்னும் என் கழுத்துலதான் கிடக்கு.

"நான்தாம்மா மாத்தினேன்"னார். "பிள்ளை ஆசைப்பட்டாளேன்னு செஞ்சுட்டேன். சம்பந்திக்கு ஒண்ணும் தெரியாது."

ஒத்துக்கிட்டார் தம்பி! அத்தனை பேர் முன்னாடி அவர் வாயாலயே ஒத்துக்கிட்டார். இருபத்தஞ்சு வருஷமா நான் சொன்னது சரியாப் போச்சா இல்லையா?

தெரியும், தெரியும். கட்டினது நான்தான். எனக்குத் தெரியாதா? ஆனா செய்யாத ஒண்ணைச் செஞ்சேன்னு ஒரு ஆளு சொல்றார்னா, அதைச் செய்யணும்னு மனசுல நெனச்சிருந்தார்னுதானே அர்த்தம்? இல்லைன்னா அதுல அவருக்கு என்ன லாபம்? அந்த ஒண்ணுதான் எனக்கு இன்னும் பிடிபடலை. எங்கேயோ ஒரு லாபம் இருக்கு.

ஹேமா பெத்த அப்பான்னு பாக்கலை. "சாமி காரியத்துலயாப்பா? மாமா முன்னாடி என்னைத் தலைகுனிய வச்சுட்டீங்களே"ன்னு அழுதா. அவர் குனிஞ்சு கீழ கிடந்த நூலைப் பொறுக்கினார். கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஹேமா முடிவாச் சொல்லிட்டா. "சாமியே காட்டிக் குடுத்துருச்சு. களவாடித்தான் மலை வரணும்னா அது நமக்கு வேண்டாம். கடலுக்கே போ." இன்னொரு தடவை கட்டிப் பாப்போமான்னு என் மகன் கேட்டான். ஒரே கேள்வியைச் சாமிகிட்ட ரெண்டு தடவை கேக்கக் கூடாதுன்னுட்டா. அதுவும் எங்க வழக்கம்தான். அதை அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான், கல்யாணமான புதுசுல.

மறுநாள் காலையில கோதண்டம் எப்பவும்போல ரெண்டு கிளாஸ் காபியோட வர்றார். கையில குடுத்துட்டு, "ஆறிரும், குடிங்க சம்பந்தி"ன்னார். வேற ஒரு பேச்சு இல்லை. ஏன் செஞ்சீங்கன்னு கேக்கலை, பேத்தி முன்னாடி உங்க மானத்தைக் காப்பாத்தினேன்னு சொல்லிக் காட்டலை. திட்டியிருந்தா நானும் ரெண்டு திட்டிட்டு அங்கேயே இருந்திருப்பேன். ஒண்ணுமே கேக்காத மனுஷன்கூட ஒரே அறையில எப்படித் தம்பி படுக்கிறது? மகன்கிட்ட டிக்கெட்டை மாத்துன்னு சொல்லிட்டேன்.

இன்னைக்கு ஏர்போர்ட் வரைக்கும் ஆதிரை வந்தா. அவதான் இந்த மாதிரி வண்டியில என்னைத் தள்ளிக்கிட்டு வந்தா. அப்பன் பெட்டி போடப் போன நேரம் பாத்துக் குனிஞ்சு காதுகிட்டச் சொல்றா:

"தாத்தா, உங்க சட்டையைத் துவைக்கப் போட்டேன். பையில சிவப்புப் பூ இருந்துச்சு."

என் கை தானா சட்டைப் பைக்குப் போச்சு.

"எனக்குக் கோபம் இல்லை. அம்மாகிட்டச் சொல்லவும் இல்லை. நான் சொன்னா, மலைக்குப் போறதுக்காக ஒரு தாத்தாவைக் காப்பாத்தி இன்னொரு தாத்தாவை மாட்டி விடுறேன்னு நெனப்பாங்க. நீங்களே சொல்லுங்க. 'நான்தான் கட்டினேன், பிள்ளையை மலைக்கு அனுப்பு'ன்னு சொன்னாப் போதும். அம்மா உடனே சரின்னுருவாங்க. விருதுநகர் தாத்தாகிட்டயும் பேசுவாங்க. அவங்க அவர்கூடப் பேசுறதே இல்லை தாத்தா. நாளைக்குக் கடைசி நாள். அப்புறம் அந்த இடத்தை வேற யாருக்காவது குடுத்துருவாங்க."

"பாக்கலாம்"னேன்.

"பாக்கலாம் இல்லை. சொல்லுங்க." அப்புறம் தோள்ல கை வச்சா. இறங்கின தோள்ல.

நான் பிளேன் முழுக்க இதையேதான் யோசிச்சுக்கிட்டு வந்தேன். என் சட்டைப் பையைப் பாக்கச் சொல்லி அவளை யாரு அனுப்பினா? இத்தனை நாள் துவைக்காத பிள்ளை அன்னைக்கு ஏன் துவைச்சா? நான் போன் பண்ணி ஒத்துக்கிட்டா, கோதண்டம் உத்தமர்னு ஆயிரும். பாத்தீங்களா, அதுக்குத்தான் அவர் பழியை ஏத்துக்கிட்டார். இப்போ லாபம் எங்கேன்னு தெரியுதா?

என்ன சொல்றீங்க? பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சுன்னா கேக்கிறீங்க?

அது ஒண்ணும் பண்ணலை. அது தங்கமான பிள்ளை. நான் எப்போ இல்லைன்னேன்?

உங்க போன்ல இங்கேருந்து பேச முடியுமா? காசு ஆகாதா? நீங்க ஏன் இவ்வளவு அக்கறையாக் குடுக்கிறீங்க? சரி, சரி, கோவிச்சுக்காதீங்க. வாய் அப்படியே பழகிப் போச்சு. நம்பர் இந்தா, பாஸ்போர்ட் உறைக்குள்ள இருக்கு. கீழ இருக்கிறது ஹேமா நம்பர். அதுக்கே போடுங்க. மகனுக்கு வேண்டாம், அவன் ரெண்டு பக்கமும் தலையாட்டுவான். அவகிட்டச் சொல்லிர்றேன். சொல்லி முடிச்சுர்றேன். நான் என்ன, பிள்ளை படிப்பைக் கெடுக்கிறவனா?

அடிக்குதா? குடுங்க.

ஹலோ. ஹேமாவா? மாமா பேசுறேன்மா... ஆமா, நடுவுல ஒரு ஊர்ல இருக்கேன்... சாப்பிட்டேன்... ஒரு தம்பி போனு, நம்ம ஊர்ப் பக்கத்துப் பிள்ளை... ஹேமா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. ஆதிரை விஷயமா. கெடு நாளைக்குத்தானே?... இல்லை, நீ அழாதே. நான் சொல்றதைக் கேளு. அந்தப் பூப் பொட்டலம் இருக்குல்ல, அதை வந்து நான்... பக்கத்துல யாரும்மா இருமுறது?... உங்கப்பாவா?... நீ அவர்கிட்டப் பேசுறதில்லைன்னாங்களே... போன்ல நான்னதும் வந்து உக்காந்துக்கிட்டாரா?... அப்போ நான் பேசுறது அவருக்கும் கேக்குதா?

ஒண்ணுமில்லைம்மா. என் குளிர்த் தொப்பியை அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்... இல்லை, பொட்டலம்னு ஒண்ணும் சொல்லலையே... ஆதிரையா? அவகிட்டக் குடுக்க வேண்டாம். வேண்டாம்மா. வைக்கிறேன்.

இந்தாங்க தம்பி, போன்.

பாத்தீங்களா? நான் வாயைத் திறக்கப் போறேன்னு எப்படியோ தெரிஞ்சு, பக்கத்துல வந்து உக்காந்திருக்கார்.